லித்தியத்தின் உட்கருவில் ஏழு பெண்கள்

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. எழுபதுகளில் வெளியூர்க்காரர் யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "ஓ, அந்த அணு உலை பக்கமா?" என்பார்கள். அந்தப் பக்கம்தான். அதற்காக எங்களுக்கு அணுவைப் பற்றி ஏதோ தெரியும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டால் நாங்கள் என்ன செய்வது? கல்பாக்கத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஆண்கள் சிலர் அங்கே ஜல்லி கொட்டவும் கம்பி கட்டவும் போனார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களின் பஸ் எங்கள் தெருமுனையில் நிற்காமல் போகும். எங்களுக்கும் அணுவுக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

பிறகு எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகம் மாறியது. அதில் அணு வந்தது. நானும் அந்த வருஷம்தான் எட்டாவதுக்கு வந்தேன்.

எட்டாவதுதான் எங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போக வேண்டும், இல்லையென்றால் செங்கல்பட்டு. பையன்கள் ஏறினார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்கூட ஏறியதில்லை. என் அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். நான் எட்டாவதுவரை வந்ததே, பள்ளிக்கூடம் பள்ளிவாசலுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில் இருந்ததால்தான்.

என் அத்தா கடைத்தெருவில் கயிறும் வலை நூலும் விற்றார். கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட கதைகளில் தகப்பனைக் கெட்டவனாக்கிவிட்டால் சொல்பவளுக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும். எனக்கு அந்தச் சுலபம் கிடைக்கவில்லை. அவர் என்னை அடித்ததில்லை. பெருநாளைக்கு மற்றவர்களைவிட எனக்கு ஒரு முழம் கூடுதலாகத் துணி எடுப்பார். மேலே படிக்க வேண்டும் என்று நான் அவரிடம் கேட்டபோது, அம்மாவையும் பக்கத்து வீட்டு மாமாவையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னார்:

"இங்கியே ஒம்பதாவது வந்துச்சுனா படிம்மா. நானா வோணாங்கறேன்? பஸ்ஸு ஏறிகினு போற படிப்பு மட்டும் நமக்கு வோணாம்."

"அது வர்றதுக்குள்ள இவளுக்குப் பேரன் பேத்தி பொறந்துடும்" என்றார் அம்மா, மீன் அரிந்துகொண்டே.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாக்கு வாக்குதான். அன்றிலிருந்து நான் அத்தாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு எப்போது வரும் என்று பெரிய சாரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்துக்காரர், நெல் பயிரிடும் குடும்பம். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் செங்கல்பட்டுக்கு நடையாய் நடந்தவர். நடந்து நடந்து அவருக்குச் சர்க்கரை வியாதி வந்ததுதான் மிச்சம்.

சயின்ஸ் டீச்சர் செங்கல்பட்டிலிருந்து வருவார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. திருக்கழுக்குன்றம் வளைவுகளில் பஸ் ஆடுகிற ஆட்டத்தில் அவருக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வகுப்புக்குள் நுழைவார். முதல் பீரியட் முழுக்க அவர் முகம் வெளிறியிருக்கும். கோபக்காரர். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர். எங்கள் பள்ளியில் அப்படிப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அணுப் பாடத்தை அவர் புத்தகத்தில் தொடங்கவில்லை. மதிய உணவுக் கொட்டகையிலிருந்து கொஞ்சம் உப்பும் வரிசையாகச் சில டம்ளர் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார். முதல் டம்ளரில் உப்பைப் போட்டுக் கலக்கினார். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த டம்ளரில், அதிலிருந்து ஒரு கரண்டி அதற்கடுத்ததில். ஒவ்வொன்றையும் எங்களை ருசி பார்க்கச் சொன்னார். முதலாவது கரித்தது. பிறகு லேசாகக் கரித்தது. கடைசி டம்ளரில் ஒன்றுமே தெரியவில்லை.

"இதுல உப்பு இருக்கா இல்லையா?"

இல்லை என்றோம் எல்லோரும். குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் மட்டும், "கீது டீச்சர். நாக்குக்குத்தான் தெரியல" என்றாள்.

டீச்சர் முகத்தில் அன்றுதான் நான் ரத்த ஓட்டத்தைப் பார்த்தேன். "அதேதான்" என்றார். எவ்வளவு பிரித்தாலும் உப்பு உப்பாகத்தான் இருக்கும், ஆனால் எங்கோ ஒரு இடத்தில் அதற்கு மேல் பிரித்தால் அது உப்பாக இருக்காது, அந்த இடத்துக்குப் போனால்தான் அணுவைப் பற்றிப் பேச முடியும் என்றார். கண்ணால் பார்க்காமலே மனிதர்கள் அந்த இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை வெட்கப்படாமல் சொல்கிறேன். நகைக்கடைக் கண்ணாடி முன்னால் நின்றபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

அடுத்த நாள் கரும்பலகையில் வட்டம் போட்டார். நடுவில் உட்கரு, அதில் புரோட்டானும் நியூட்ரானும். சுற்றிலும் எலக்ட்ரான். புரோட்டானுக்குக் கூட்டல் குறி, எலக்ட்ரானுக்குக் கழித்தல் குறி, நியூட்ரானுக்கு ஒன்றும் இல்லை. நம் விளையாட்டு மைதானம் ஓர் அணு என்றால், உட்கரு அதன் நடுவில் கிடக்கும் ஒரு மணல் துகள் அளவுதான், மீதியெல்லாம் வெட்டவெளி என்றார்.

இது எங்களுக்குப் பெரிய இடியாக இருந்தது.

"அப்ப இந்த பெஞ்சு, டீச்சர்?"

"அதுவும் பெரும்பாலும் காலிதான்."

"காலின்னா நாம ஏன் வுழாம குந்திகினு கீறோம்?" என்று கேட்டது நான்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. பெரிய வகுப்புல படிப்ப" என்றார். கூட்டல் கூட்டலைத் தள்ளும் என்றால் இத்தனை புரோட்டான் உட்கருவுக்குள் எப்படி ஒன்றாக இருக்கின்றன என்று கேட்டேன். அதற்கும் பெரிய வகுப்பு என்றார். எனக்கு ஒன்பதாவது வேண்டும் என்ற ஆசை அதுவரை பொதுவான ஆசையாக இருந்தது. அதற்குப் பிறகு அது குறிப்பான ஆசையாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் பதில் அங்கே இருந்தது. நான் இங்கே இருந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கண்ணுக்குத் தெரியாதத படிச்சிகினு இன்னாடி பண்ணப் போற? கண்ணுக்குத் தெரியற பாத்திரம் அங்க கெடக்குது பாரு" என்றார். கழுவினேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் பெரிய சார் எட்டாம் வகுப்புக்குள் மூச்சிரைக்க வந்தார். கையில் வழக்கமான குடைகூட இல்லை. "கல்வி அதிகாரி வர்றாரு. பள்ளிக்கூடத்தப் பாக்கறாரு, எட்டாவதுல ஒரு பாடமும் பாக்கறேன்னாரு. அவரு மனசு வெச்சா ஜூன்ல இங்கியே ஒம்பதாவது" என்றார். எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் அணுவைத்தான் கேட்பார்கள், அதனால் அணுப் பாடமே நடத்திவிடலாம் என்பது அவர் யோசனை. அதையும் வகுப்புக்குள் வேண்டாம், மைதானத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி செய்யலாம் என்பது டீச்சரின் யோசனை. பிள்ளைகளையே புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் நிறுத்தி, தரையில் கபடிக் கோடு போடுவதுபோல் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டு, எலக்ட்ரான்களை ஓடவிடுவது.

நான் உடனே எழுந்தேன். "டீச்சர், நான் எலக்ட்ரான்." வகுப்பில் என்னைவிட வேகமாக ஓடுகிறவர் யாரும் கிடையாது. தாவணி போடும்வரை நான் ஓடியதை ஊரே பார்த்திருக்கிறது.

டீச்சர் பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் தரையைப் பார்த்தார். "பொம்பளப் புள்ளைங்க மைதானத்துல ஓடுனா ஜமாத்துல பேசுவாங்கம்மா. எங்க ஊர்லயும்தான் பேசுவாங்க. இருக்கற ஏழு புள்ளைங்களும் நின்னுடும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எட்டாவதில் நாங்கள் ஏழே பெண்கள். கடற்கரையில் நாளெல்லாம் ஓடுகிற குப்பத்துப் பெண்ணுக்கும் பள்ளி மைதானத்துக்குள் வந்தால் அதே சட்டம்தான்.

டீச்சர் அன்று மணி அடித்ததுமே பஸ் ஏறினார். மறுநாள் எலுமிச்சம்பழமும் கையுமாக நேரே பெரிய சார் அறைக்குப் போனார். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம்.

"லித்தியம் சார். உட்கருவுல மூணு புரோட்டான், நாலு நியூட்ரான். மொத்தம் ஏழு. ஏழு பொண்ணுங்களும் நடுவுல அசையாம நிக்கலாம். மூணு பசங்க சுத்தி ஓடட்டும். இப்ப சந்தோஷமா?"

பெரிய சாருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "ஏழா? கரெக்டா ஏழா? ஆண்டவன் செயல்!" என்றார். டீச்சரின் குரலில் இருந்த குத்தல் அவருக்கு ஏறவே இல்லை.

எங்களுக்குள் புரோட்டான் யார், நியூட்ரான் யார் என்று சண்டை வந்தது. புரோட்டானுக்குக் காத்தாடிக் காகிதத்தில் வெட்டிய சிவப்புக் கூட்டல் குறியை ரவிக்கையில் குத்திக்கொள்ளலாம். நியூட்ரானுக்கு ஒன்றும் கிடையாது, வெறுமனே நிற்க வேண்டும். நான் உயரம் என்பதால் நடுவில் நியூட்ரான். உர்ரென்று இருந்த என்னிடம் டீச்சர், "நியூட்ரான் இல்லைன்னா உட்கரு நிக்காதுடி. அதிகாரி கேள்வி கேட்டா பதில் சொல்லப்போறது நீதான். வேற யாரையும் நம்பி விடமாட்டேன்" என்றார். அதற்கப்புறம் நான் உர்ரென்று இருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு வருவதும் வராததும் என் வாயில்தான் இருக்கிறது என்று ஆகிவிட்டது. அணுவில் கேட்க முடிந்த கேள்வியையெல்லாம் டீச்சரும் நானும் கேட்டு, பதிலும் சொல்லிப் பார்த்தோம். ஓடுகிற எலக்ட்ரான் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதுகூட அதில் இருந்தது. உட்கரு இழுத்துக்கொள்ளும், அணு அணுவாக இருக்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஒத்திகையெல்லாம் காலை முதல் பீரியடில் நடந்தது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். அதிகாரியும் பத்து மணிக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் கோட்டை விட்டோம்.

அன்று பத்து மணிக்கு ஏழு பேரும் மைதானத்தின் நடுவில் தோளோடு தோள் உரச நின்றோம். பையன்கள் மூவரும் கோட்டில் நின்றார்கள். ஒருவன் எங்கள் தெரு, ஒருவன் குப்பம், ஒருவன் உள்ளே கிராமத்திலிருந்து வருகிறவன். அதிகாரி வரவில்லை. கடல் காற்று சுண்ணாம்புக் கோட்டை அழித்தது; டீச்சர் மறுபடி போட்டார். மறுபடி அழிந்தது. புரோட்டான்களின் கூட்டல் குறி வியர்வையில் சாயம் விட்டு ரவிக்கையில் இறங்கியது. பதினொன்றரை ஆயிற்று. அதிகாரி மாமல்லபுரத்தில் யாரையோ பார்க்க நின்றுவிட்டார் என்று சேதி வந்தது. நிழலுக்குப் போய் உட்காரச் சொன்னார் டீச்சர். நாங்கள் போகவில்லை.

ஜீப் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அதிகாரி கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். எங்களைப் பார்த்து, "பாவம், வெயில்ல நிக்குதுங்களே" என்று முதலில் சொன்னது அவர்தான். பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். டீச்சர் தொடங்கினார். "இது லித்தியம் அணு." நாங்கள் ஒவ்வொருவராக எங்களைச் சொன்னோம். நான் புரோட்டான், எனக்கு நேர் மின்சுமை. நான் நியூட்ரான், எனக்கு மின்சுமை இல்லை. பையன்கள் ஓடத் தொடங்கினார்கள், இரண்டு பேர் உள்வட்டத்தில், ஒருவன் வெளிவட்டத்தில். புழுதி எழுந்தது. அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "பேஷ்!" என்றார். அந்தச் சொல்லை நான் கேட்டேன். ஜூன் மாதமும் ஒன்பதாவதின் பெஞ்சும் எனக்குக் கண்ணில் தெரிந்தன.

அப்போது பாங்கு சொன்னார்கள்.

பள்ளிவாசலில் அந்த வருஷம்தான் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மைதானத்துக்கு நேர் மேலே அதன் வாய். மோதினாரின் முதல் சத்தத்துக்கே ஓடிய மூவரும் ஓடிய இடத்திலேயே நின்றார்கள். எங்கள் ஊரில் பாங்கு சொன்னால் விளையாட்டு நிற்கும், பேச்சு நிற்கும், தராசுகூடக் கீழே இறங்கும். அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கால் தானாக நின்றுவிடும். நாங்கள் தாவணித் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டோம். குப்பத்துப் பெண்ணும்தான்.

அதிகாரி வெளியூர்க்காரர். முதலில் திகைத்தார். டீச்சர் குனிந்து, "பாங்கு சார், முடிஞ்சதும்..." என்று மெல்லச் சொன்னார். அவருக்குப் புரிந்தது. கோபப்படவும் இல்லை. சிரித்தபடி, ஏதோ சிநேகமாகப் பேச வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார்: "சரி, எலக்ட்ரான் எல்லாம் நின்னுடுச்சே. இப்ப அணு என்ன ஆவும்? யார் சொல்றீங்க?"

கேட்டுவிட்டு, நடுவில் உயரமாக நின்ற என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். பதில் தொண்டைவரை வந்து நின்றது. பாங்கு சொல்லும்போது பேசினால் சாகும் நேரத்தில் ஓத வேண்டிய கலிமா வாயில் வராது என்று பால் குடிக்கும் வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஒருமுறை பேசியதற்கு அம்மா வாயிலேயே போட்டிருக்கிறார். என் உதடு திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அது என் உதடு மாதிரியே இல்லை. டீச்சர் என்னைப் பார்த்தார், சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. மற்ற ஆறு பேரும் மண்ணைப் பார்த்தார்கள். பாங்கு நீளமானதொன்றும் இல்லை. ஆனால் ஒருவர் நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் ஒவ்வொரு இழுப்பும் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்று தெரிந்தது.

அந்த மௌனத்தைப் பெரிய சாரால்தான் தாங்க முடியவில்லை. அதிகாரிக்கு எதிரில் பிள்ளைகள் வாய் மூடி நிற்பதற்கு அவர் வேலை பார்த்த காலமெல்லாம் பயந்திருக்கிறார். பாங்கு முடிவதற்குள் அவரே அதிகாரியின் காதருகே போய், "சாப்பாடு ரெடி சார், ஆறிடும்" என்று கையைக் காட்டினார். அதிகாரி எழுந்தார். போகும்போது, "நல்லா மனப்பாடம் பண்ண வெச்சிருக்கீங்க. புரிய வெக்கணும், அதான் முக்கியம்" என்றார். குற்றமாகக்கூடச் சொல்லவில்லை, நல்லதாகத்தான் சொன்னார்.

பாங்கு முடிந்தது. "உட்கரு இழுத்துக்கும் சார்! அணு அணுவா இருக்காது!" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். கடல் காற்று எதிர்க்காற்று. அவர் திரும்பி, நான் வணக்கம் சொன்னதாக நினைத்துக் கையை உயர்த்திவிட்டு அறைக்குள் போனார்.

சில வாரங்கள் கழித்துச் சேதி வந்தது. ஒன்பதாம் வகுப்பு, கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் வேறு ஓர் ஊருக்குப் போய்விட்டது. நான் பெரிய சார் அறை வாசலில் நின்று அழுதேன். என் வாய்தான் கெடுத்தது என்றேன். அவர் அவசரமாக எழுந்து வந்தார். "இல்லம்மா, சத்தியமா இல்ல. அது அவரு வர்றதுக்கு முன்னாலயே முடிவாயிடுச்சாம். இப்பதான் சொல்றாங்க. அவரு சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்திருக்காரு. ஒன்னால இன்னா ஆச்சு?" என்று ஆறுதல் சொன்னார். ஆறுதலா அது? என்னால் கெட்டது என்றால் அதிலாவது நான் இருந்திருப்பேன். நாங்கள் வெயிலில் நின்றதும், டீச்சர் அழிய அழியக் கோடு போட்டதும், நான் பேசியதும் பேசாததும் யார் கணக்கிலும் இல்லை. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. பாவம், அவரும் அழுதுவிடும் நிலையில்தான் இருந்தார்.

டீச்சர் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் சாப்பிட்டிருக்கும் நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தா பதறிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா டீ கொண்டுவந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒன்பதாவதுக்குச் செங்கல்பட்டுல சேத்து விடுங்க பாய். பொண்ணுங்க மட்டும் படிக்கிற ஸ்கூல். நான் தினமும் அந்த ரூட்லதான் வர்றேன் போறேன், கண்டக்டருங்க எல்லாம் தெரிஞ்சவங்க. காலைல எங்க அண்ணன் பஸ் ஸ்டாண்டுல வந்து கூட்டிகினு போவார். சாயந்தரம் அவரே பஸ் ஏத்தி விடுவார். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்கறோம்."

அத்தா தரையைப் பார்த்தார். அவருக்கு அது சங்கடமாக இருந்தது, எனக்குத் தெரிந்தது. "உங்கள நம்பறேன் டீச்சரம்மா. உங்க அண்ணாத்தயையும் நம்பறேன். பஸ்ஸ நம்பல" என்றார்.

"அவ மாதிரி ஒருத்திய நான் பாத்ததே இல்ல பாய். நீங்களே கேளுங்க. என்ன கத்துக்கிட்டிருக்கான்னு அவளையே சொல்லச் சொல்லுங்க."

அத்தா என்னைக் கூப்பிட்டார். அவர் என்னிடம் பாடம் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வந்து நின்றேன். இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். இந்த முறை என் வாயை மூட எதுவும் இல்லை.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் எதைக்கொண்டு செய்திருக்கிறது என்பதில் தொடங்கினேன். அவர் உட்கார்ந்திருந்த பாய், அவர் கை, அம்மா நிற்கும் சுவர், கடல். உள்ளே போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் என்ன இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது, எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது, எது ஓயாமல் ஓடுகிறது, நின்றால் என்ன ஆகும். புத்தக வார்த்தை ஒன்றைக்கூட நான் பயன்படுத்தவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொன்னேன். அன்று நான் பேசியதுபோல் வாழ்நாளில் பிறகு பேசியதே இல்லை.

அத்தா என்னையே பார்த்தார். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார். எழுந்து வாசலுக்குப் போய், "மச்சான்! ஏ மச்சான்! சட்டுனு வா" என்று பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டார். மாமா பல் குத்திக்கொண்டே வந்தார். "குந்து. இத கேளு. நீ மொதல்லேர்ந்து சொல்லும்மா."

முதலிலிருந்து சொன்னேன். மாமா பல் குத்துவதை நிறுத்திவிட்டார். அம்மாகூட டீப் பாத்திரத்தோடு அப்படியே நின்றார். சொல்லி முடித்தபோது அத்தாவின் கண் கலங்கியிருந்தது. என் தலையில் கை வைத்தார். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று இருவரும் நினைத்தோம்.

"மாஷா அல்லா" என்றார் அத்தா. "பாத்தியா மச்சான்? ஆண்டவன் படைச்சதுக்கு உள்ள இன்னா கீதுன்னு என் பொண்ணு சொல்றா. நம்ம ஊர்ல எந்த ஆம்பளைக்காவது தெரியுமா இது?" பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, மனம் நிறைந்த குரலில் சொன்னார்: "நல்லா சொல்லிக் குடுத்துட்டீங்க டீச்சரம்மா. இவ்ளோ தெரிஞ்சிகினா. இதுக்கு மேல ஒரு பொம்பளப் புள்ளைக்கு இன்னா வோணும்? போதும்."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அத்தாவின் பெருமை அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அணுவைச் சொல்லச் சொல்வார். கடைக்குச் சரக்கு கொண்டுவரும் மதராஸ் வியாபாரிக்குச் சொன்னேன். பெருநாளைக்கு வந்த சொந்தக்காரர்களுக்குச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன். புதிதாகச் சேர்த்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எட்டாவதில் படித்ததையே திரும்பத் திரும்பச் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கு முன்னாலும் அத்தா, "அந்த அணுவ கொஞ்சம் சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.